சதுரங்கத்தில் முடக்கநிலை விதி நீதியானதா?

சதுரங்கப் பலகையின் மூலைக் கட்டத்தில் கறுப்பு அரசன் தன்னந்தனியனாய் நிற்கின்றான். அவனுடைய படை முழுவதும் அழிந்துவிட்டது. எதிர்ப்புறத்தில் வெள்ளை அரசனும் அரசியும் இருக்கின்றனர். வெள்ளைக் காய்களை ஆடுபவர் வெற்றி கைக்கு எட்டிவிட்டது என்ற மகிழ்ச்சியில், தம் அரசியைத் தூக்கிக் கறுப்பு அரசனிடமிருந்து ஒரு குதிரைத் தாவல் தொலைவில் வைக்கின்றார். எதிரே இருப்பவர் புன்னகையோடு கையை நீட்டுகின்றார். ஆட்டம் சமநிலையில் முடிந்துவிட்டது. சதுரங்கம் பழகத் தொடங்கியவர்களுள் இந்த ஏமாற்றத்தை ஒருமுறையேனும் அனுபவியாதவர் அரிதினும் அரியர்.

நடந்தது யாதெனில், மூலையில் நின்ற அரசனை அந்த அரசி நேரே தாக்கவில்லை. ஆனால் அவன் பெயர்ந்து செல்லக்கூடிய மூன்று கட்டங்களையும் அவள் அடைத்துவிட்டாள். அரசன் நிற்கும் இடத்தில் அவனுக்கு ஆபத்து இல்லை. அடி எடுத்து வைத்தால் எங்கும் ஆபத்து. ஆபத்துள்ள கட்டத்துக்கு அரசன் செல்லலாகாது என்பது விதி. நகர்த்துவதற்கு வேறு காயும் இல்லை. இந்த நிலையைத்தான் ஆங்கிலத்தில் ஸ்டேல்மேற் என்பர். தமிழில் இதனை முடக்கநிலை எனக் கொள்ளலாம். ஆட வேண்டிய முறை வந்தும், அரசனுக்குச் செக் இல்லாதபோது, விதிக்கு அமைந்த நகர்வு ஒன்றேனும் இல்லாதவர் தோற்றவர் ஆகார், ஆட்டம் சமம், இருவர்க்கும் அரைப் புள்ளி. இதுவே இன்று உலகெங்கும் வழங்கும் விதி.

இது நீதிதானா? படை அனைத்தையும் இழந்தவனுக்கும், அப்படையை அழித்து அவனை மூலைக்கு விரட்டியவனுக்கும் ஒரே பரிசா? இவ்வினா புதியது அன்று. இதற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு நாடும் வெவ்வேறு விடை கூறியுள்ளன.

ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு நாட்டில் வாழ்ந்த சதுரங்க வல்லுநர் அல்-அத்லி என்பவர், இந்தியர் ஆடிய முறை ஒன்றினைக் குறிப்பிடுகின்றார். அம்முறையில் முடக்கப்பட்டவனே வென்றவன் ஆவான். எதிரியை அசையவிடாமல் ஆட்டத்தையே நிறுத்தியவன் தோற்றவன் எனக் கொள்ளப்பட்டான் போலும். ஆனால் அதே காலத்தில் அரபு மக்கள் தாம் ஆடிய சத்ரஞ்சு ஆட்டத்தில் இதற்கு நேர்மாறான விதியைக் கொண்டிருந்தனர். அவர்களிடத்தில் முடக்கியவனே வென்றவன். இதற்கு ஒரு காரணமும் உண்டு. அக்காலத்தில் அரசியின் இடத்தில் நின்ற காய், கோணலாக ஒரே ஒரு கட்டம் மட்டுமே நகர வல்லது. இத்தகைய மெலிந்த காய்களைக் கொண்டு எதிரி அரசனைச் செக்மேற் ஆக்குவது மிகக் கடினமான செயல். ஆகவே அரசனை முடக்குவதும், அவனுடைய படை முழுவதையும் அழித்து அவனைத் தனியனாக்குவதும் வெற்றியாகவே எண்ணப்பட்டன. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அரசி இன்றைய பெருவலிமையைப் பெற்ற பின்னர் நிலைமை மாறியது. செக்மேற் எளிதாயிற்று, எளிதான வேலையைச் செய்து முடியாதவனுக்கு இரங்கவேண்டிய தேவையும் குறைந்தது.

ஆயினும் ஐரோப்பா முழுவதும் ஒரே விதி உடனே ஏற்பட்டுவிடவில்லை. ஸ்பெயினில் முடக்கியவன் அரை வெற்றி பெற்றான்; பந்தயப் பணத்தில் பாதி அவனைச் சேர்ந்தது. பிரான்சில் ஒரு காலத்தில், முடக்கப்பட்டவன் தன் முறையை இழந்தான். எதிரி தொடர்ந்து ஆடினான். கிழக்கு நாடுகள் சிலவற்றிலே எதிரியை முடக்கும் நகர்வை ஆடுவதே தடுக்கப்பட்டிருந்தது. அவ்வாறு ஆடிவிட்டவன் அதனை மீட்டுக்கொண்டு வேறு நகர்வு ஆடவேண்டும். இத்தாலியில் சமநிலை என்ற விதி நெடுங்காலமாக நிலவியது.

எல்லாவற்றிலும் வியப்புக்குரியது இங்கிலாந்தின் வழக்கு. அங்கே ஏறத்தாழ 1600 முதல் 1800 வரை, இரு நூறு ஆண்டுகளாக, எதிரியை முடக்கியவனே தோற்றவன் எனக் கொள்ளப்பட்டான். 1614ஆம் ஆண்டில் ஆதர் சோல் என்பவர் வெளியிட்ட சதுரங்க நூலில் இவ்விதி காணப்படுகின்றது. வலிமை முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, அறிவின்மையால் எதிரியை மூச்சுவிட முடியாதபடி செய்துவிட்டவன் தண்டிக்கப்பட வேண்டியவன் என்று அந்நாட்டார் கருதினர் போலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் சதுரங்கக் கழகத்தைச் சார்ந்த சாரற் என்ற வல்லுநரின் முயற்சியால், சமநிலை என்ற விதி அங்கு இடம்பெற்றது. 1924இல் பாரிஸ் நகரிலே நிறுவப்பட்ட அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளிலும் அதுவே இன்று நிலைத்துள்ளது.

ஆகவே, வெற்றி, தோல்வி, அரை வெற்றி, முறையிழப்பு, தடை, சமநிலை என ஆறு தீர்ப்புகள் ஒரே நிலைக்கு வழங்கப்பட்டிருக்கின்றன. ஆறு நீதிபதிகள் ஒரே வழக்கைக் கேட்டு ஆறு விதமாகத் தீர்த்தால், வழக்கு எளியது அன்று என்பது தெளிவு.

இன்றைய விதியை எதிர்ப்போர் கூறும் காரணங்கள் மூன்று. முதலாவது, சதுரங்கம் போரின் உருவம். சுற்றி வளைக்கப்பட்டு அசையவும் முடியாத அரசன் போர்க்களத்தில் சரணடைவான். ஆட்டத்தில் மட்டும் அவன் ஏன் சரிபாதிப் பங்கு பெறவேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. இரண்டாவது, உழைப்பைப் பற்றியது. நாற்பது ஐம்பது நகர்வுகள் பிழையின்றி ஆடியவனுடைய உழைப்பின் பயன், ஒரு நொடியில், எதிரியின் திறமையினாலன்றித் தன் கைத்தவறினால் மட்டுமே பறிபோகின்றது.

மூன்றாவதுதான் வலிமை மிக்கது. சதுரங்கத்தில் தன் முறை வந்தால் ஆடியே தீரவேண்டும். "இம்முறை வேண்டாம்" என்று சும்மா இருக்க இடமில்லை. நல்ல நகர்வு எதுவும் இல்லாமல், தீய நகர்வு மட்டுமே எஞ்சிய நிலையில், ஆட வேண்டிய கட்டாயத்தினாலேயே தோற்ற ஆட்டங்கள் கணக்கற்றவை. இருக்கும் நகர்வுகள் எல்லாம் தீயவையாயின் ஒருவன் தோற்கின்றான். ஆனால் எந்த நகர்வும் அரசனையே பலியிடுவதாக அமைந்துவிட்டால், அதாவது நிலைமை அதைவிட மோசமானால், அவன் அரைப் புள்ளி பெறுகின்றான். நோய் முற்றியவனுக்கு நலம் என்று சான்றிதழ் வழங்குவது போன்றது இது என்பர் எதிர்ப்போர். அமெரிக்க வல்லுநர் லாரி காவ்மன் போன்றோர் இந்த அடிப்படையிலேயே இவ்விதி தருக்கத்துக்கு முரணானது எனக் கூறியுள்ளனர். சீனர் ஆடும் சதுரங்கத்தில் நகர வழியற்றவன் தோற்றவன் ஆவான் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

இவற்றுக்கு விடை காணவேண்டுமாயின், சதுரங்கத்தில் வெற்றி என்பது எது என்று முதலில் தெளிதல் வேண்டும். செக்மேற் என்பதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. அரசன் தாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. அத்தாக்குதலிலிருந்து தப்ப வழி இருக்கலாகாது என்பது மற்றொன்று. தாக்குதல் இருந்து, தப்ப வழியும் இருக்குமாயின் அது வெறும் செக். அதனை வெற்றி என்று எவரும் கூறுவதில்லை. அரசன் விலகிச் செல்கின்றான், ஆட்டம் தொடர்கின்றது. நகர வழி இல்லாமல், தாக்குதலும் இல்லாதிருக்குமாயின் அது முடக்கநிலை. இரண்டும் வெற்றியின் ஒவ்வொரு பாதி. ஒரு பாதியை மட்டும் நிறைவேற்றியவன் முழுமையைக் கோருவதற்கு உரிமையில்லை. போர் உவமையைக் கொண்டு எதிர்ப்போருக்கும், உழைப்பைக் கூறி எதிர்ப்போருக்கும் இது போதிய விடையாகும். வீடு கட்டுவதாக ஒப்பந்தம் செய்தவர் கூரை வேயாமல் விட்டுவிட்டு, சுவர் எழுப்பிய உழைப்பைக் காட்டி முழுக் கூலி கேட்டல் இயலாது.

மூன்றாவது வாதத்துக்கு மட்டும் இவ்விடை முற்றும் போதாது. கட்டாய நகர்வினால் தோற்பவனுக்கும், நகர்வே இன்றிப் பிழைப்பவனுக்கும் இடையே ஒரு முரண்பாடு இருப்பது உண்மை. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் ஒரு விதியை அளக்கத் தருக்கம் ஒன்றே கோல் ஆகாது. அவ்விதி ஆட்டத்துக்கு எதனைக் கொடுக்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அரசனும் ஒரு காலாளும் ஒருபுறம். தனி அரசன் மறுபுறம். சதுரங்கத்தின் இறுதிக் கட்டத்தைக் கற்போர்க்கு முதற்பாடம் இதுவே. காலாள் எட்டாம் வரிசையை அடைந்தால் அரசியாகிவிடும். அதைத் தடுக்கத் தனி அரசன் அதன் வழியில் நிற்கின்றான். காலாள் ஏழாம் வரிசைக்கு வருகின்றது. தனி அரசன் அதற்கு நேர்முன்னே எட்டாம் வரிசையில் நிற்கின்றான். அவன் பக்கவாட்டில் விலகினால் வெள்ளை அரசன் முன்சென்று காலாளை அரசியாக்கிவிடுவான். காலாளைக் காக்க வெள்ளை அரசன் அதற்கு நேர்பின்னே வந்து நின்றால், கறுப்பு அரசன் முடங்கிப்போகின்றான். ஆட்டம் சமம். காலாளைக் காவாது விட்டாலோ, அது வெட்டுண்டு போகும். இந்த ஒரு நுணுக்கத்தைச் சுற்றியே, இரு அரசர்களும் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நிற்கும் கலை முழுவதும் வளர்ந்துள்ளது. எந்தக் கட்டத்தில் யார் முறை வருகின்றது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவன் தப்புகின்றான், எண்ணாதவன் அழிகின்றான். முடக்கநிலை தோல்வி என்றாகுமாயின், இந்தக் கலையின் பெரும்பகுதி மறைந்து, ஒரு காலாள் மிகுதி பெற்றவன் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு வென்றுவிடுவான்.

இதனினும் விந்தையானது இரு குதிரைகளின் கதை. அரசனும் இரு குதிரைகளும் சேர்ந்து, தனி அரசனைக் கட்டாயப்படுத்திச் செக்மேற் ஆக்க இயலாது. இறுதி அடி விழுவதற்கு ஒரு நகர்வு முன்னதாகவே அவன் முடங்கிப்போவான். ஆனால் அவனிடம் ஒரே ஒரு காலாள் எஞ்சியிருக்குமாயின், அவன் பெரும்பாலும் தோற்றுப்போகின்றான். அரசனுக்கு வழியில்லாதபோது அந்தக் காலாள் ஓர் அடி நகர்கின்றது, முடக்கநிலை நீங்குகின்றது, அந்த இடைவெளியில் குதிரை பாய்ந்து செக்மேற் கொடுக்கின்றது. ஒன்றும் இல்லாதவன் பிழைக்கின்றான். சிறிதளவு செல்வம் உடையவன் அச்செல்வத்தாலேயே அழிகின்றான். எந்தெந்த இடத்தில் அக்காலாள் தடுக்கப்பட்டால் இவ்வெற்றி உறுதி என்பதை ருஷ்யப் புதிர் அமைப்பாளர் அலெக்சேய் திரொயிட்ஸ்கி விரிவாக ஆராய்ந்து வகுத்தார். அவர் 1942இல் லெனின்கிராட் முற்றுகையின்போது மறைந்தார். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் முடக்கநிலை சமம் என்ற அந்த ஒரு விதியின் மேல் எழுந்த மாளிகை.

விதியினால் பிழைத்தவர்களுள் அமெரிக்க வல்லுநர் லாரி எவன்ஸ் புகழ்பெற்றவர். 1963-64ஆம் ஆண்டு அமெரிக்கச் சாம்பியன் போட்டியில் அவர் சாமுவேல் றெஷெவ்ஸ்கியை எதிர்த்து ஆடினார். றெஷெவ்ஸ்கி சிறுவயதிலேயே மேதை எனப் பெயர் பெற்றவர். அன்றைய ஆட்டத்தில் அவர் கை தெளிவாக ஓங்கியிருந்தது. தோல்வியை எதிர்நோக்கிய எவன்ஸ், ஓரத்துக் காலாளை ஓர் அடி முன்னே தள்ளினார். பார்ப்பதற்கு அது காலம் போக்கும் நகர்வு. உண்மையிலோ, தம்முடைய அரசனும் காலாள்களும் சிறிதும் அசையமுடியாதபடி அவர் தாமே தமக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அதனைக் கவனியாத றெஷெவ்ஸ்கி, அரசியால் ஒரு காலாளை வெட்டினார். உடனே எவன்ஸ் தம் அரசியைப் பலி கொடுத்தார். எதிரி அரசன் அதனை ஏற்றே ஆகவேண்டும். அடுத்துத் தம் கோட்டையையும் எதிரி அரசனின் அருகிலேயே கொண்டுபோய் வைத்துச் செக் சொன்னார். அதை எந்தக் காயால் வெட்டினாலும் எவன்ஸ் முடங்கிவிடுவார், ஆட்டம் சமம். வெட்டாது விட்டாலோ அக்கோட்டை ஓயாது செக் சொல்லிக்கொண்டே இருக்கும். ஐம்பதாம் நகர்வில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இதனைக் கைத்தவறின் பயன் என்று மட்டும் கூறி ஒதுக்கமுடியுமா? வீழ்ச்சியின் விளிம்பிலும் எண்ணுவதை நிறுத்தாத ஒருவருடைய அறிவுக்குக் கிடைத்த கூலி அது.

விதியினால் இழந்தவர்களையும் மறத்தலாகாது. 1978ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாகியோ நகரில் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக அனதோலி கார்ப்பொவும் விக்டர் கோர்ச்னொயும் மோதினர். முதலில் ஆறு ஆட்டங்களை வெல்பவருக்கே பட்டம். இருவரும் ஒருவரோடொருவர் பேசாத அளவுக்குப் பகை முற்றியிருந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் கோர்ச்னொய் கைக்கெட்டிய வெற்றி ஒன்றைத் தவறவிட்டார். பின்னர் காய்வலிமை மிகுந்திருந்தும் வெல்ல வழியற்ற நிலை வந்தது. எதிரியிடம் சமநிலை கேட்க மனமில்லாத கோர்ச்னொய், 124ஆவது நகர்வில் கார்ப்பொவின் அரசனைத் தாமே முடக்கி ஆட்டத்தை முடித்தார்.

அன்று அரைப் புள்ளியாகக் கணிக்கப்பட்ட அந்த முடிவின் எடை பின்னரே தெரிந்தது. முப்பத்தொரு ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஐந்து வெற்றிகளோடு சமமாக நின்றனர். முப்பத்திரண்டாவது ஆட்டத்தை வென்று கார்ப்பொவ் பட்டத்தைக் காத்துக்கொண்டார். முடக்கியவனுக்கே வெற்றி என்ற பழைய அரபு விதி அன்று நிலவியிருந்தால், முப்பத்தோராவது ஆட்டத்தில் கோர்ச்னொய் பெற்ற வெற்றி அவருடைய ஆறாவது வெற்றியாகி, பட்டம் அவரைச் சேர்ந்திருக்கும். விதி வேறாயின் ஆட்டமும் வேறாகவே ஆடப்பட்டிருக்கும் என்பது உண்மை. ஆகவே இக்கணக்கை மிகைப்படுத்தலாகாது. எனினும், இவ்விதியைப் பற்றிய வாதம் வெறும் பொழுதுபோக்கு அன்று. அரைப் புள்ளியின் மேல் ஒரு மனிதனுடைய வாழ்நாள் முயற்சியே தங்கி நிற்கக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

இரு சாராருக்கும் இடையே நடுவழி கண்டவர்களும் உண்டு. இருபத்தேழு ஆண்டுகள் உலகச் சாம்பியனாக விளங்கிய இமானுவேல் லாஸ்கர், எதிரியை முடக்கியவனுக்கு முழு வெற்றியினும் குறைவாகவும், சமநிலையினும் மிகுதியாகவும் புள்ளி வழங்கலாம் என்று கூறினார். றிச்சர்ட் றெற்றியும் அக்கருத்தை ஆதரித்தார். பழைய ஸ்பானிய வழக்கத்தின் புத்துருவமே இது. ஆனால் சதுரங்க உலகம் இதனை ஏற்கவில்லை.

இவ்விதியை மாற்றினால் சமநிலைகள் குறைந்து, வெற்றி தோல்விகள் பெருகும் என்பதே மாற்றம் விரும்புவோரின் நம்பிக்கை. இதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் அண்மையில் கிடைத்தது. 2020இல், ஆல்பாசீரோ என்னும் கணினி நிரலைக் கொண்டு, முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக்கும் வேறு ஆய்வாளரும் சதுரங்க விதிகளைப் பலவாறாக மாற்றி ஆடச்செய்தனர். முடக்கியவனுக்கே வெற்றி என்பது அவற்றுள் ஒன்று. வெற்றி தோல்விகள் மிகும் என்று எதிர்பார்த்திருந்த கிராம்னிக் முடிவைக் கண்டு வியந்தார். அவற்றின் விகிதம் வழக்கமான சதுரங்கத்தில் உள்ளதைப் போன்றே ஏறத்தாழ அமைந்தது. பிழையின்றி ஆடுவோரிடத்தில் இவ்விதி மிக அரிதாகவே தீர்ப்புக் கூறுகின்றது. பிழை செய்யும் மனிதரிடத்திலேயே அது உயிர்பெற்று நிற்கின்றது.

நீதியைப் பற்றிய வினாவுக்கு விடையும் இங்கேதான் இருக்கின்றது. விதி இருவருக்கும் பொதுவானது. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் அறிந்தது. இன்று அதனால் இழந்தவன் நாளை அதனால் பிழைக்கலாம். ஆகவே அது ஓரவஞ்சனை உடையதன்று. மேலும், அது வலிமையுடையவன் மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றது. எதிரியை வெல்ல விரும்புவாயாயின், வெல்லும் கணம் வரையில் அவனுக்கு அடி எடுத்து வைக்க ஓர் இடம் விட்டுவை என்று அது பணிக்கின்றது. அவனுடைய வழிகள் எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக அடைத்துவிடுபவன் வெற்றியை இழக்கின்றான். மெலிந்தவனுக்கோ, எல்லாம் போன பின்னும் எண்ணுவதற்கு ஒரு காரணத்தை அது கொடுக்கின்றது. வென்றுவிட்டோம் என்று ஒருவனைச் சோம்பவிடாமலும், தோற்றுவிட்டோம் என்று மற்றவனைச் சோரவிடாமலும் காக்கின்ற விதி தருக்கத்தில் சிறிது குறையுடையதாயினும், நீதியில் குறையுடையதன்று.

மூலையில் நின்ற அந்தக் கறுப்பு அரசனிடம் திரும்பினால், வெள்ளையை ஆடியவர் செய்யவேண்டியிருந்தது மிகச் சிறிய காரியம். அரசியை ஒரு கட்டம் தள்ளி வைத்து, எதிரிக்கு ஓர் அடி நகர இடம் கொடுத்து, தம் அரசனை அருகே கொண்டுவந்திருந்தால், சில நகர்வுகளில் செக்மேற் தானே வந்திருக்கும். அந்த ஒரு கட்டத்தை விட்டுக்கொடுக்க மறந்தமையால் அவர் இழந்தது அரைப் புள்ளி. அடுத்த ஆட்டத்தில் அவர் மறக்கமாட்டார்.